ரெண்டு பால்கனி டிக்கெட்

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக்குப் போகிற வழியில் ஒரு சினிமா தியேட்டர். வெயிலுக்கு என் பெண்டாட்டி சாயாக்கடை ஓரம் ஒதுங்கி நிற்கிறாள். நான் டிக்கெட் ஜன்னலில் குனிந்து, "ரெண்டு பால்கனி குடுங்க" என்கிறேன்.

உள்ளே இருப்பவர் இந்த மலையாள ஊரிலேயே பிறந்த தமிழர். சிரிக்கிறார்.

"பால்கனியோ? அத இடிச்சுப் பொளிச்சுக் கொறே காலமாச்சு, பெரியவரே. இப்ப முன்னாடி உக்காந்தாலும் பின்னாடி உக்காந்தாலும் ஒரே ரேட்டுதான். ஆளுக்கு நூத்தம்பது."

எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணமான புதிதில், எங்கள் தென்காசிப் பக்கம் தரை டிக்கெட் நாலணா. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவில் குட்டைச்சுவர். சோடியாக உட்கார வேண்டுமென்றால் பால்கனிதான். அதற்கு என் ஒருநாள் கூலி போய்விடும். என்றைக்காவது கூட்டிப்போகிறேன் என்று இவளிடம் சொல்லிச் சொல்லியே வயசாகிவிட்டது. இன்றைக்குக் காசு இருக்கிறது, பால்கனி இல்லை. தரைக்கும் அதே விலை என்றால், இப்போது நான் வாங்கியது தரையா, பால்கனியா?

டிக்கெட்டை நீட்டியபடி அவளிடம் போய்ச் சொல்கிறேன்.

"பக்கத்துப் பக்கத்துலயா குடுத்தான்?"

"ஆமாட்டி."

"பொறவு என்னத்துக்கு முழிக்கீரு? வாரும், படம் போட்டுரப் போறான்."