பாட்டு நின்ற திருவிழா: நோர்வூட்டுக்கு ஒரு வேலைப் பயணம்

ஹட்டன் பக்கம் போகிறவர்கள் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஓர் அறை பார்க்கப் போனேன். தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அங்கே உட்கார்ந்து ஒரு பெண் இங்கிலாந்துக்கு வேலை செய்ய முடியுமா என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. போனது மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மகள் கயல் தூங்கிவிட்டாள், இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்சம் முன்கதை. குழந்தை பிறந்த பிறகு வங்கி வேலையை விட்டுவிட்டு, கொழும்பை அடுத்த வத்தளை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினேன். இங்குள்ள படித்த பிள்ளைகளை, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலை செய்யச் சேர்த்துவிடுவதுதான் தொழில். நிறுவனம் என்றால் நானும் ஒரு மடிக்கணினியும்தான். வாடிக்கையாளரும் ஒருவரே. வட இங்கிலாந்தில் தளபாடக் கடை நடத்தும் பெண்மணி. கட்டில் எப்போது வரும், மேசைக்கால் ஏன் ஆடுகிறது என்று கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அமைதியான அறை.

நான் காட்டிய முதல் இருவரும் கொழும்புக்காரர்கள். ஒருவர் நேர்முகத்தில் நாய் குரைத்தது. மற்றவர் வீட்டு வாசலில் பஸ் ஹார்ன். மூன்றாவதும் சரிவராவிட்டால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாக அந்தம்மா எழுதிவிட்டார்.

மூன்றாவது ஆள் சுகந்தி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா இல்லை. கணக்கியல் டிப்ளோமா முடித்தவள், ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வாரமே கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போவதாக ஏற்பாடு. அம்மாவை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஆக, அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு இணையத்தில் நேர்முகம், அவள் வேலையும் என் தொழிலும் ஒரே அறையில் இருந்தன. அதனால்தான் நேரில் போனேன். கணவருக்கு அன்று வேலை. இரண்டு வயது கயலையும், மூன்று மாற்று உடுப்பையும், காய்ச்சல் பார்க்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படும் ரயில். நாவலப்பிட்டி தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்தது. வட்டவளை வந்தபோது கயல் என் மேல் வாந்தி எடுத்தாள். றொசல்லயில் ரயில் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேகம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் மாதிரி நடந்து போனது. கையில் ஈரத் துணியோடு, வாயைத் திறந்தபடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயல் அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, புகை" என்றாள்.

ஹட்டனில் இறங்கும்போது மணி பதினொன்று. அங்கிருந்து நோர்வூட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைவுகளால் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நோர்வூட்டிலிருந்து தோட்டத்துக்கு ரிஸ்வான் நானாவின் ஆட்டோ. எழுநூறு ரூபாய், பேரம் பேசவில்லை. பாதையைப் பார்த்தால் நீங்களும் பேச மாட்டீர்கள்.

பாதி மலை ஏறியபோதே பாட்டுக் கேட்டது. சாதாரணப் பாட்டு அல்ல, குழாய் ஒலிபெருக்கியில் மலைக்கு மலை மோதித் திரும்பி வரும் அம்மன் பாட்டு.

"என்ன நானா இது?"

"கோயில் திருவிழா மிஸ். மூணு நாளைக்கு இதுதான். எங்க வீட்டுல கீழ டவுன்ல இருந்துக்கிட்டே எல்லாப் பாட்டும் பாடமாயிருச்சு."

அமைதியான அறை என்று நான்கு தடவை மின்னஞ்சல் எழுதிய நான், அங்கே திருவிழா உண்டா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள். இங்கே பன்னிரண்டு. இடையில் ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை போகாது. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டிலிருந்து தண்ணீர் கொடுப்பார்கள். சுகந்தியின் வீடு நடுவில். அறை துப்புரவாக இருந்தது. மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தாள். இணையக் கருவி ஜன்னல் கம்பியில் தொங்கியது. எதிர்மலையிலேயே கைபேசிக் கோபுரம், சிக்னல் எங்கள் வீட்டைவிட நன்றாக இருந்தது. எல்லாம் சரி, பாட்டுத்தான் காதைப் பிளந்தது.

சுகந்தியின் அம்மா பால் சேர்க்காத பிளேன்டீயை நீட்டினார். "ஒண்ணும் யோசிக்காதீங்க மிஸ். கோயில் தலைவர்கிட்ட பேசியாச்சு. ஒண்ணேகாலுக்கு நிப்பாட்டிருவாங்க."

"திருவிழாவையா?"

"பாட்டைத்தான். சாமி இருந்துக்கிருவா."

நம்பவில்லை. ஆனால் ஒன்றேகாலுக்குப் பாட்டு நடுவரியில் நின்றது. அடுத்து டிவிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ பொதுக்குழாயை இறுக்கி மூடினார்கள். கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடினார்கள். பக்கத்து வீட்டு அக்கா என் இடுப்பிலிருந்து கயலை வாங்கி, மற்றப் பிள்ளைகளோடு கோயிலுக்குக் கூட்டிப்போனார். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் பிள்ளையைக் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன்.

எங்கள் மாடிக் குடியிருப்பில் குழந்தை தூங்குகிறாள், தொலைக்காட்சியைக் குறையுங்கள் என்று கேட்டால் முறைப்பார்கள். இங்கே வருடம் முழுக்கக் காத்திருந்த திருவிழாவை, ஒரு பெண்ணின் நேர்முகத்துக்காக, பன்னிரண்டு வீடும் வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்தி வைத்திருந்தன. கூரைத் தகரத்திலிருந்து பனித்துளி சொட்டும் சத்தம் கேட்டது. மேல்மலையில் தண்ணீர் ஓடுவதும் கேட்டது. வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேர்முகம் அருமையாகப் போனது. இருபது நிமிடம் வரைக்கும்.

அப்போது மேல் லயத்துப் படிகளில் ஓர் ஓலம். "என் அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" தலைவிரி கோலமாக ஓர் அம்மா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் இருவர் தோளில் மம்பட்டி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்கள். திருவிழாவுக்கு நடுவில் பாட்டு நிற்பதற்கு இந்த மலையில் ஒரே காரணம்தான் உண்டு: சாவு. சாவு விழுந்தால் கோயிலில் பாட்டு வைக்க மாட்டார்கள். மேல் லயத்துக்குத் தகவல் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாட்டு நின்றது, டிவி நின்றது, கீழே ஒரு சத்தமும் இல்லை. இந்த லயத்திலேயே இருக்கும் சுகந்தியின் பெரியப்பா பல மாதமாக நோயாளி. அவர்களாகவே முடிவு செய்து, அழவும் குழி வெட்டவும் ஆளோடு வந்துவிட்டார்கள்.

பெரியப்பா என் பக்கத்துப் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டு ஓடிவந்த தங்கை அவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஏண்ணே, நீங்க இருக்கீங்களா?"

"ஏன், ஒனக்கு அது கஷ்டமா இருக்கா?"

"மம்பட்டியத் தூக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தோமே மாமா," என்றார் ஒருவர், உண்மையான வருத்தத்தோடு.

நாலாபக்கமும் "ஷ்ஷ்!" சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் முந்தானையைக் கடித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். கணினித் திரையில் அந்தம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அந்த ஓலம் அவர் கடைவரை போயிருக்கிறது.

சுகந்தி ஒலியை அணைக்கவில்லை. வாசலைப் பார்த்து, "யாரும் சாகல அத்தை, நான் வேலைக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். உக்காருங்க," என்றாள். பிறகு கணினிக்குத் திரும்பி, நடந்ததை நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். மன்னிப்பு ஒரு தடவைதான் கேட்டாள்.

பிறகு அந்தம்மா கேட்டார்: "உனக்காகவா எல்லாரும் சத்தத்தை நிறுத்தினார்கள்? எனக்குக் காட்ட முடியுமா?"

சுகந்தி கணினியை வாசல்பக்கம் திருப்பினாள். ஐம்பது பேராவது இருக்கும். பூ வைத்தவர்கள், திருநீறு பூசியவர்கள், அழுத முகத்தோடு அத்தை, உயிரோடு பெரியப்பா. எல்லாரும் படம் பிடிக்க நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்கள். மம்பட்டிக்காரர் இருவர் மட்டும் அவற்றைக் கீழே இறக்கி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

அந்தம்மா தன் கடையில் யாரையோ கூப்பிட்டு, இதைப் பார் என்று காட்டினார். பிறகு வியாபாரியாகவே கேட்டார்: "தினமும் கோயிலை நிறுத்த முடியாதே?"

"முடியாது," என்றாள் சுகந்தி. "திருவிழா நாட்களை வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன், அன்று லீவு வேண்டும். மற்ற நாட்களில் சத்தம் இருக்கும், ஆனால் அழுகைச் சத்தம் இருக்காது."

அந்தம்மா சம்மதித்தார்: திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதம் பரீட்சார்த்தமாக வேலை. ஒலிபெருக்கி விட்ட வரியிலிருந்தே மறுபடி தொடங்கியது. கயல் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, வாய் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வந்தாள். காய்ச்சல் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை ரயிலில் இடம் முன்பதிவு செய்யாமல் குழந்தையோடு ஏறாதீர்கள். வாந்திக்கு எலுமிச்சங்காய் கையில் இருக்கட்டும். மேயிலும் பிள்ளைக்குக் கம்பளிச்சட்டை வேண்டும், மழை பெய்தால் அட்டை ஏறும், சாக்ஸ் போடுங்கள். ரயில் நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால் போகும் வாரத்தில் விசாரியுங்கள். என் தொழிலுக்கு யாராவது வருவதாக இருந்தால், ஆளைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். கோயில் நாட்களை முதலில் கேளுங்கள். அமைதி என்பது அறையில் இருக்கிறது என்று நினைத்துப் போனேன். சுவர் கூரையைத் தொடாத வீட்டில் அது பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் இருந்தது.

முதல் வாரம் முடிந்ததும் சுகந்தியை அழைத்தேன். பேச்சுக்குப் பின்னால் மெல்லிய பாட்டு. எனக்குப் பழைய பதற்றம்.

"என்னம்மா, பாட்டுக் கேக்குது?"

"அது கடைசி வீட்டு ரேடியோ, அக்கா. நான் வேலையில உக்காந்தா எல்லாரும் டிவிய நிப்பாட்டிர்றாங்க. சுத்தமா சத்தமே இல்லாட்டி மேல இருந்து மறுபடியும் மம்பட்டியோட வந்துருவாங்கன்னு, பெரியப்பாதான் சொன்னாரு, அது ஒண்ணு மட்டும் மெதுவா பாடிக்கிட்டே இருக்கணுமாம்."