எங்க வீட்டு ஜன்னல்

எங்கள் கம்பெனியின் மாதிரி வீட்டுக்குள் கதவுகள் கிடையாது. வாசலுக்கு ஒன்று உண்டு, உள்ளே எந்த அறைக்கும் இல்லை. கதவு இருந்தால் அது திறந்து மூட இடம் பிடிக்கும், அறை சின்னதாகத் தெரியும் என்று கழற்றிவிட்டார்கள். கட்டிலும் வளர்ந்த ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத கட்டில்தான். குழாயில் தண்ணீர் வராது. மேஜை மேலிருக்கும் ஆப்பிள் பிளாஸ்டிக். இதையெல்லாம் காட்டி, இனிமேல்தான் கட்டப்போகிற அடுக்குமாடியில் வீடு விற்பது என் வேலை. வாய் வலிக்கப் பேசுவேன். வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்பார்கள், பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கதவு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்டது சாவி ஒருத்திதான். அதுவும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மேனேஜரிடமே கேட்டாள்.

"ரூம் கதவெல்லாம் என்னாச்சு சார்?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டு, இவள் பெருக்க வந்தவளா வாங்க வந்தவளா என்று பிறகு என்னிடம் சலித்துக்கொண்டார்.

சாவி என்பது நாங்கள் வைத்த பெயர். காலையில் வீட்டைத் திறப்பது, தூசி தட்டுவது, பிளாஸ்டிக் ஆப்பிளைத் துடைத்து அடுக்குவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. மத்தியானத்தில் ஆள் வரத்து இருக்காது. மாதிரி வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். சாப்பாட்டு மேஜையில் சாப்பிடக் கூடாது என்பது உத்தரவு, ஏனென்றால் அது மேஜை இல்லை, காட்சிப்பொருள். என்னை மேடம் என்று கூப்பிடாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவளுக்கு நான் மேடம்தான். அவள் கதை முழுவதும் அந்தத் தரையில் உட்கார்ந்து நான் கேட்டது.

அவள் புருஷனுக்கு பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அண்ணன் எடுத்து வளர்த்த பிள்ளை. தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை தன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டவர் அந்த அண்ணன். அவரும் அவர் மனைவியும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற அவர்கள் மகளும், சாவியும் புருஷனுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அதில் இரண்டு அறை. ஒன்று அண்ணனுக்கும் அண்ணிக்கும், இன்னொன்று படிக்கிற பெண்ணுக்கு. சாவிக்கும் புருஷனுக்கும் ஹால்.

ஹால் என்றால் என்ன என்பது அதில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும். டிவியை அணைக்கிறவரை பாய் விரிக்க முடியாது. விடிவதற்குள் பாயைச் சுருட்டியாக வேண்டும், படிக்கிற பெண் எழுந்து வந்துவிடும். நடுவில் அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பாவம், மனுஷன் அறையிலிருந்தே இருமிக்கொண்டு வருவார், நான் வருகிறேன் என்று தெரிவிப்பதற்காக. திரும்பிப் போகும்போதும் இருமுவார். புடவை மாற்றுவது குளியலறையில். அழுவதும் அங்கேதான், ஆனால் நிம்மதியாக அழ முடியாது, வெளியே யாராவது துண்டோடு நிற்பார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதுகூட அவர்களுக்கு போனில்தான். பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் மெசேஜ் அனுப்பிச் சண்டை போடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள், எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"வாயைத் தொறந்து ஒரு சண்டை போடணும் மேடம். அவ்ளோதான் ஆசை."

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். மருந்து சொன்னார்கள், டாக்டர் பெயர் சொன்னார்கள். விசேஷம் நடக்க ஒரு கதவாவது வேண்டாமா என்று அந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் மனைவி, அதாவது சாவியின் ஓரகத்தி என்றதும் நீங்கள் ஒரு பிசாசை நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் தங்கமான பெண்பிள்ளை. சாவிக்கு டப்பா கட்டித் தருவது அவள்தான், எனக்கும் சேர்த்து ஒரு கரண்டி அதிகமாக வைப்பாள். சாவிக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டிலேயே கிடந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் சாவி என்றைக்கோ கிளம்பிப் போயிருப்பாள்.

போக முடியாத குறைக்கு அவள் மனசுக்குள் ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள். வேலைக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நேரே அங்கே போய்விடுவாளாம். எங்கள் மாதிரி வீட்டைப் போல இருக்குமா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தாள். இது யார் வேண்டுமானாலும் நுழைகிற வீடு என்றாள். அவளுடையது சின்னது. ஒரு ஹால், ஒரு அறை. அறைக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், சத்தம் போடாமல் விழுகிற தாழ்ப்பாள். பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு நேர் எதிரே அகலமாக ஒரு ஜன்னல். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, யாரும் எதுவும் கேட்காமல், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நின்றபடியே சாப்பிடலாம். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். வருகிறவர்கள் வரலாம், பேசலாம், பொழுது சாயுமுன் போய்விட வேண்டும்.

நான் எத்தனையோ பேருக்கு வீட்டைக் கண்முன் காட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்கிறவள். எனக்கே அவள் வீடு தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் பணிமனைக் குவார்ட்டர்ஸில் அவள் புருஷனுக்கு முறை வந்தது. எப்போதோ எழுதிக் கொடுத்து மறந்தே போயிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் போய்ப் பார்த்தார்கள். மாடியில் வீடு. அவள் நினைத்ததற்கு மேலேயே ஒரு அறை அதிகம். சமையலறை ஜன்னலைச் சாண் போட்டு அளந்தாளாம். மறுநாள் என்னிடம் கையை விரித்துக் காட்டினாள், அந்தக் கையை மடக்கவே அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் அண்ணனிடம் சொல்ல வேண்டுமே. அதை யார் சொல்வது? நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றான் புருஷன். அண்ணனுக்குப் பல் வலி, சரியாகட்டும் என்றான். பெண்ணுக்குப் பரீட்சை நெருங்குகிறது, முடியட்டும் என்றான். இப்படி அவன் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். சாவி அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு நாள் ஓரகத்தியோடு துணிக்கடைக்குப் போனாள். தள்ளுபடியில் திரைச்சீலை குவித்து வைத்திருந்தார்கள். இளம் பச்சையில் ஒன்றை ஓரகத்தி பிரித்து உதறிப் பார்த்தாள்.

"இது நம்ம வீட்டு ஜன்னலுக்குச் சரியா இருக்கும்ல?"

சாவி அந்தப் பச்சையைப் பார்த்தாள். பார்த்ததும் எங்கே போனாளோ, போன இடத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டாள்.

"இல்லக்கா, எங்க வீட்டு ஜன்னல் இன்னும் அகலம்."

நம்ம, எங்க. நம் பேச்சில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் சுவர் நிற்கிறது. நம்ம என்றால் கேட்கிறவரும் உள்ளே. எங்க என்றால் கேட்கிறவர் வாசலுக்கு வெளியே. பக்கத்து வீட்டுக்காரியிடம் எங்க வீடு என்று சொன்னால் அதில் ஒன்றுமில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற ஓரகத்தியிடம் சொல்லிவிட்டு, பிறகு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. குழந்தைகூட இதில் தடுமாறாது. சாவி தடுமாறவும் இல்லை, அதுதான் விஷயம். அவள் மனசில் இருந்ததைச் சுத்தமாகச் சொன்னாள்.

ஓரகத்தி திரைச்சீலையை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சமைத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள், தான் மட்டும் சாப்பிடவில்லை. அண்ணன் ஏன் என்று கேட்க, அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"எந்த வீடுடா அது?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். அவர் பயந்துபோய்க் கேட்டாராம். அந்த முகத்தைப் பார்த்த புருஷன்காரன் குவார்ட்டர்ஸ் கிடைத்ததைச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நம்ம வீடுன்னு சொல்ல வந்திருப்பாண்ணே, வாய் தவறிடுச்சு. நம்ம எல்லாருக்கும்னுதான் எழுதிக் கேட்டேன். எல்லாம் முடிவானதும் சொல்லலாம்னு இருந்தோம்."

அவ்வளவுதான், முடிந்தது கதை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரகத்தி ஓடி வந்து சாவியைக் கட்டிக்கொண்டு, என்னென்னமோ நினைத்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அழுதாள். சாவியும் அழுதாள். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவை மூடிவிட்டேன். உன் புருஷனுக்கு முதுகெலும்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். அவள் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்றாள். எனக்கு அதில் சந்தேகம்தான். பிறகு யோசித்து ஒரு வழி சொன்னேன். போனது போகட்டும், அங்கேயும் இரண்டு அறைதான், உன் புருஷன் பெயரில் கிடைத்த வீடு, ஒரு அறையை நீயே வாய்விட்டுக் கேள். பெண் ஹாலில் படிக்கட்டும், இல்லை அம்மாவோடு படுக்கட்டும். ஓரகத்தி நல்லவள்தானே, கேட்டால் தரமாட்டாளா?

கேட்கிறேன் என்று தலையை ஆட்டினாள். எப்படிக் கேட்க வேண்டும் என்று அந்தச் சமையலறையிலேயே என்னிடம் ஒத்திகை பார்த்தாள். நான்தான் ஓரகத்தி. அக்கா, உள் ரூம் எங்களுக்கு இருக்கட்டும். இவ்வளவுதான் வசனம். நன்றாகவே சொன்னாள்.

குடிபோன அன்றைக்குச் சாமான் எல்லாம் நடு ஹாலில் கிடந்தது. எதை எங்கே வைப்பது என்று ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றவள், நல்லவள் அல்லவா, தானாகவே கேட்டாள்.

"உள் ரூம் யாருக்கு? நீயே சொல்லு."

சாவி வாயைத் திறந்தாள். அக்கா, உள் ரூம், என்பதுவரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வர வேண்டிய சொல் எங்களுக்கு. அந்தச் சொல்லின் முதல் எழுத்து நாக்கில் ஏறியதுமே துணிக்கடையும், மடித்து வைத்த திரைச்சீலையும், சாப்பிடாத தட்டும் கண்முன் வந்து நின்றனவாம். புருஷன் வேறு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருக்கிறான்.

"நம்ம பொண்ணுக்கு இருக்கட்டும்க்கா. படிக்கிற பிள்ளை."

ஓரகத்திக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதிரி ஒரு சித்தி யாருக்குக் கிடைக்கும் என்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். இன்னொரு அறையில் அண்ணன் கட்டிலைப் போட்டார்கள். ஹாலில் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது, உங்களுக்கு மின்விசிறியே வேண்டாம் என்றார் அண்ணன்.

இதை மறுநாள் என்னிடம் சொன்னபோது அவளை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் ஒரு அறையைத் தாரை வார்த்துவிட்டு வந்து நிற்கிறாளே என்று வயிறு எரிந்தது. ஆனால் அவள் டப்பாவைத் திறந்து, எனக்கென்று ஓரகத்தி வைத்திருந்த அந்த ஒரு கரண்டியை மூடியில் எடுத்துப் போட்டாள். எதைத் திட்டுவது, யாரைத் திட்டுவது?

அதன்பிறகு அவள் வேலையில் குறை ஒன்றும் இல்லை. முன்பைவிடச் சுத்தமாகத்தான் துடைத்தாள். பேச்சு மட்டும் குறைந்தது. பஸ்ஸில் இப்போதெல்லாம் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருகிறாள் என்று அதே பஸ்ஸில் வரும் எங்கள் வாட்ச்மேன் சொன்னார். ஏன் என்று கேட்டேன். உட்கார்ந்தால் கண் மூடிக்கொள்கிறது என்றாள்.

மூடட்டுமே, அது ஒன்றுக்காவது யாரும் வாடகை கேட்கமாட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அந்த வீடு போனால் என்ன, மனசுக்குள் வேறு ஒரு வீடு கட்டிக்கொள், இன்னும் பெரிதாக, கடலைப் பார்த்தாற்போல, மலை மேல், நான் தினமும் அதைத்தானே விற்கிறேன், உனக்கு இலவசமாகவே தருகிறேன் என்று என் வழக்கமான வாய்ச்சவடாலை அவிழ்த்துவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"கட்டிப் பார்த்தேன் மேடம். எந்த வீட்டைக் கட்டினாலும், கதவைத் தொறந்தா உள்ள அக்கா உக்காந்து காய் நறுக்கிட்டு இருக்காங்க. வா, கை கழுவிட்டு வந்து சாப்பிடுன்னு சொல்றாங்க. அவங்களைப் போய் எப்படி மேடம் வெளிய போகச் சொல்றது?"