கஸ்தூரி தட்டிய தினைப் பக்கம்

புரியாத மொழியைத் தட்டச்சு செய்து பிழைப்பவனுக்கு முதல் விதி, புரிந்துகொள்ள ஆசைப்படக் கூடாது என்பது. இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பேர், ஒரே பக்கம்

வேலூரில் ஒரு கம்பெனி. பழைய கிரேக்க, லத்தீன் புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவோம். வித்தியாசம் வரும் இடத்தை மெஷின் காட்டிக் கொடுக்கும். நானும் என் மனைவி கஸ்தூரியும் அப்படி ஒரு ஜோடி. ஒருவர் திரையை ஒருவர் பார்த்துவிடாதபடி நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு.

ஒரு லத்தீன் பக்கத்தில் ‘பானிக்கும்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. கஸ்தூரிக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டும். சூபர்வைசரிடமே போய்க் கேட்டாள். அவர் சொன்னார்:

“அர்த்தம் புரிஞ்சா நீங்களே திருத்த ஆரம்பிச்சுடுவீங்கம்மா. புரியாத வரைக்கும்தான் உங்களுக்கு இங்க வேலை.”

எந்தப் பல்கலைக்கழகம்?

கஸ்தூரி இறந்த பிறகு ஜவ்வாது மலையில் அவள் ஊருக்கே வந்துவிட்டேன். இணையத்தில் சும்மா கிடைத்த இலக்கணத்தை வைத்து லத்தீன் கற்றேன். வேறு எதற்கும் இல்லை, அவள் கேட்ட கேள்விக்காக. அகராதி சொன்னது: பானிக்கும் என்றால் தினை. தினைக் கொல்லையில் பிறந்து வளர்ந்தவள் அவள்!

அந்தப் பக்கம் தினையைப் பற்றி என்னதான் சொல்கிறது? நாங்கள் தட்டிக் கொடுத்த புத்தகங்கள் இருக்கும் தளத்தைத் திறந்தேன். உள்ளே விடுவதற்கு, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டது. மலையில் ஏது பல்கலைக்கழகம்? உதவி எண்ணுக்கு போன் போட்டு, அதைத் தட்டியதே நாங்கள்தான் என்றேன். எதிர்முனையில் ஒரு பெண், மரியாதையாகவே கேட்டாள்:

“தட்டினீங்க, சரி. படிக்கிறதுக்கு நீங்க யாரு சார்?”

மதிப்பு

கீழே ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அந்தத் தளத்தில் நுழைய அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்து இறங்கினேன். ஒரே ஒரு பக்கம் காட்டுங்கள் என்றேன். கணினி அவர் எதிரிலேயே திறந்திருந்தது. அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“இதெல்லாம் கண்டவங்க கைக்கும் போனா மதிப்பு கெட்டுப்போய்டும் பெரியவரே. வூட்ல பேரப்புள்ளைங்க இல்லையா? கொஞ்சிக்கினு இருக்கலாமே!”

டவர் கிடைக்கும் பாறை

யாரோ புண்ணியவான்கள் அதே நூலை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று, பூட்டில்லாமல் வேறொரு தளத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது கொல்லைக்கு மேலே இருக்கும் பாறையில்தான். அங்கே உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். களை கொத்திக்கொண்டிருந்த கஸ்தூரியின் தம்பி மாரியும் பக்கத்தில் வந்து குந்தினான். தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். அடிக்கடி கொத்திக் களையெடுக்க வேண்டும். அவ்வளவுதான். மாரி தன் கையிலிருந்த களைக்கொத்தைப் பார்த்தான்.

“இதையா மாமா பூட்டி வெச்சிருந்தானுங்க? எங்கக்காவக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே!”

எப்போதோ செத்துப்போன ஒரு ரோமானிய விவசாயி ஊருக்கெல்லாம் சொல்லிவைத்ததை, எழுத்தெழுத்தாகத் தட்டியவளுக்கே அவள் சாகும்வரை எட்டாமல் காத்தார்கள். இதற்குப் பெயர் அறிவைப் பாதுகாப்பதாம்.