அண்ணனின் ஜீப் ஏன் கொதித்தது

இந்த நினைவு மலருக்காக மற்றவர்கள் எழுதித் தந்ததையெல்லாம் அச்சுக்குப் போகும் முன்பே படித்துவிட்டேன். அண்ணன் பொறுமைசாலி என்கிறார்கள். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். எனக்குக் கோபமே அந்தப் பொறுமையின் மீதுதான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உடன்பிறந்த ஒரே தங்கை என்ற உரிமையில், நான் அவருடைய ஜீப்பைப் பற்றி எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லிவாசல்நாட்டில் சாமையும் கேழ்வரகும் விளையும் ஒரு சின்ன ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பா தவறியபோது அவர் எட்டாம் வகுப்பு. ஆணியில் மாட்டிய புத்தகப் பையை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. புளி மூட்டை ஏற்றும் லாரியில் கூலியாகப் போய், ஓட்டக் கற்று, பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கோழிக்கூடையோடு மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் என எங்கள் ஊரில் அந்த வண்டியில் ஏறாதவர் கிடையாது. பிரசவ வலி கண்டவர்களை ஏற்றினால், "பயப்படாதீங்க, பத்திரமா போய்ட்டு ரெண்டு பேரா வருவோம்" என்பார். அப்படித்தான் கூட்டியும் வந்தார்.

என்னை அவர் கட்டிக்கொடுத்தது எங்கள் மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவருக்கு. "தங்கச்சியப் பத்தியும் கவலையில்ல, வண்டியப் பத்தியும் கவலையில்ல" என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த ஜீப்பில் வேறு எவரையும் கைவைக்க விட்டதில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் ஜீப்பின் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. என் கணவர் இரண்டு நாள் வேலை பார்த்துப் புதுப் பம்ப் மாட்டிக் கொடுத்தார். ஒழுகல் நின்றது. ஆனால், அதுவரை ஒருநாளும் கொதிக்காத வண்டி முதல் ஏற்றத்திலேயே கொதித்தது. நாலு வளைவு ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். அண்ணன் ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். மறுபடி நாலு வளைவு.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டார். ரேடியேட்டரைக் கழற்றி அலசி மாட்டினார். என் கணவர் தொட்ட இடத்தை மட்டும் அவர் திறக்கவில்லை. மாப்பிள்ளை செய்த வேலையைத் திறந்து பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவதாகும் என்று நினைத்தார்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். "மாப்ள, கைய வச்சிப் பாத்தன். என்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் அடியில சூடே இல்ல. தண்ணி அங்க போவாம உள்ளயே சுத்துது போல. மாட்டும்போது எதனா வுட்டுப்போச்சா?"

"எல்லாம் சரியாத்தான் மாட்டிக்கிறன் மச்சான். இருபது பேர ஏத்திக்கினு மூணாவது கியர்லயே முக்கிக்கினு ஏறுனா எந்த வண்டி தாங்கும்?" என்றார் என் கணவர்.

நான் சமையற்கட்டிலிருந்து வந்தேன். "இன்னாண்ணா நீ, அவரு வேலையிலயே குத்தம் சொல்ற? வண்டிய ஒழுங்கா ஓட்டிப் பாரு மொதல்ல." அண்ணன் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். காபியைக் குடித்து முடித்து, "சரிம்மா, வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அந்த மாதமே பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியை ஒடுகத்தூரிலிருந்து கூட்டிப் போகையில் வண்டி கொதித்து நின்றது. உச்சி வெயில். வேறு வண்டி வரவில்லை. கைக்குழந்தையோடு அவர்கள் மீதி வழியை நடந்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், "பச்சப் புள்ளய வெயில்ல நடக்க வச்சிட்டான், இத்தினி வருஷம் ஓட்டியும் ஓட்டத் தெரியல" என்ற பேச்சு மலையெல்லாம் பரவியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மக்கள் இன்னொரு ஜீப்புக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

பிறகு திடீரென்று ஒருநாள் கொதிப்பு நின்றது. எப்படி என்று கேட்டேன். "தானா சரியாய்டுச்சும்மா" என்றார். என் கணவரிடம் சொன்னேன். "பாத்தியா, ஓட்டற விதத்துல ஓட்டுனா எல்லாம் சரியாயிடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

போன ஆட்கள் திரும்ப வரவில்லை. அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டு, காவலூரில் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டப் போனார். என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பந்தலில் அத்தனை பேர் நடுவே என் கணவர், "இன்னா மச்சான், டிராக்டராவது கொதிக்காம ஓடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மடியில் என் மகளை வைத்திருந்த அண்ணனும் சிரித்தார். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்தபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும், உடனிருந்து மலம் சலம் எடுத்ததும் என் கணவர்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைசி நாளில் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வாய்த்த உறவைப் பாருங்கள் என்று நான் நர்ஸிடம் பெருமைப்பட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆலங்காயத்திலிருந்து மெக்கானிக் பாய் ஒருவர் வந்தார். யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. ஜீப்பின் கொதிப்பைச் சரிசெய்தது தான்தான் என்று அவர் சொன்னார். மலை வண்டிக்கு, சூட்டைப் பொறுத்துத் தண்ணீரைத் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம், கழற்றிவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும் என்று எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. "சில வண்டிக்கு அது சரிம்மா. இந்த என்ஜின்ல உள்ளயே ஒரு குறுக்கு வழி கீது. சூடேறினா அத மூடறதே அந்த வால்வுதான். அது இல்லன்னா தண்ணி ரேடியேட்டர் பக்கமே போவாம உள்ளயே சுத்தும். நான் தொறந்து பாத்தா வால்வு இருந்த எடம் காலி. பம்ப் மாட்டுனவரு யாருன்னு கேட்டன். 'தங்கச்சி வூட்டுக்காரரு'ன்னாரு உங்க அண்ணன். அப்பறம், 'இது தங்கச்சிக்குத் தெரிய வேணாம் பாய், வூட்டுக்காரர வுட்டுட்டு வந்துருவா'ன்னாரு."

அன்று மாலை உறவினர்கள் கிளம்பியதும் என் கணவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பம்ப் மாத்தும்போது வால்வு உடைஞ்சிபோச்சு. அது இல்லாமலே ஓடும்னு வுட்டுட்டன். கொதிக்குதுன்னு உங்க அண்ணன் வந்து நின்னப்போ சொல்ல வாய் வர்ல."

"ஆறு வருஷமா வர்லியா?" என்றேன். விளைவு தெரியாமல் வால்வு இல்லாமல் விட்டதை நான் மன்னித்துவிடுவேன். தெரிந்த பிறகும் பந்தலில் கேலி பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போடுகிறேன். பேச்சு குறைந்துவிட்டது.

நோயில் விழுந்த அண்ணனை ஆறு மாதம் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட காவலூர் அக்கம்பக்கத்தாருக்கும், மழையில் பாடையைத் தோளில் சுமந்து ஊர் சேர்த்த பங்காளிகளுக்கும், உண்மையைச் சொல்லத் துணிந்த ஆலங்காயம் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி சொல்வோர் வரிசையில் என் கணவரின் பெயரைச் சேர்க்க என் கை வரவில்லை. கட்டுரையை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்படியே போட்டுடு" என்றார்.

அண்ணா, அவர் என்னிடம் மறைத்தார். நீயும் மறைத்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், தப்பு எங்கள் வீட்டில்தான் என்று ஊர்க் கூட்டத்தில் நின்று சொல்லியிருப்பேன். வீட்டை விட்டு வந்துவிடுவேன் என்று பயந்தாயே தவிர, உன் பக்கம் நிற்பேன் என்று நீ நம்பவில்லை. இப்போது அச்சில் சொல்லிவிட்டேன். உன் ஜீப்பில் ஏறிய எல்லோரும் படிப்பார்கள். நீ படிக்க மாட்டாய்.