பூனைத் தட்டுக்கு ஒரு விரிப்பு

எங்கள் மலையில் பூனை இல்லாத வீடு குறைவு. ஆனால் பூனைக்கென்று தட்டு வைத்து, அந்தத் தட்டுக்குள் போட விரிப்பு தேடி அலைந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், நாறினது என் மூக்கில்தானே.

போன மழைக்காலத்தில் தெருநாய் கடித்து எங்கள் பூனைக்கு ஒரு பின்னங்கால் போனது. காயம் ஆறியும் அது வாசல் தாண்டவில்லை. வெளியே தூக்கிப் போய் விட்டால், நான் திரும்புவதற்குள் எனக்கு முன்னால் வீட்டுக்குள் நிற்கும். அதற்கு வேண்டியதையெல்லாம் அடுப்பு மூலையில் முடித்துக்கொண்டது. என் மாமியார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: இனி வீட்டை அசிங்கம் பண்ணினால், மலையடியில், சந்தவாசலில் மீன் விற்கிற அம்மாவிடம் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். அவர் சொன்னால் செய்கிறவர். எனக்கோ அந்த நொண்டி இல்லாமல் தூக்கம் வராது.

என் வீட்டுக்காரர் பழைய எண்ணெய் கேனை நீளவாக்கில் அறுத்துத் தட்டாக்கினார். ஓடை மணல் கொட்டினோம். பூனை சமத்தாக அதில் போனது. பிறகுதான் என் பாடு. ஈர மணல் தட்டின் மூலையில் அப்பிக்கொள்ளும், சுரண்டினாலும் வராது. தண்ணீரோ குழாயடியிலிருந்து தூக்கி வர வேண்டும்.

செல்போனில் பார்த்தால், தட்டுக்குள் விரிக்கிற பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள். மணலோடு அப்படியே சுருட்டி எறிந்துவிடலாமாம். வரவழைத்தேன். மலைக்கு யார் கொண்டுவருவார்கள்? சந்தவாசல் கடையில் போட்டுவிட்டுப் போனதை இவர் பஸ்ஸில் எடுத்து வந்தார். என்ன பொட்டலம் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, மாட்டு மருந்து என்று சொன்னாராம். மானஸ்தர்.

அந்த உறை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பூனை மணலைப் பறித்தது, நகம் மாட்டிக்கொண்டது. பயந்துபோய், மூன்று காலில் வீடு முழுக்க ஓடியது. பின்னாலேயே உறை, உறைக்குள்ளிருந்த மணல், மணலில் இருந்த மற்றதெல்லாம். பெருக்கி முடிக்கையில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. செய்தித்தாள் போட்டுப் பார்த்தேன், ஊறிக் கூழானது.

மாமியார் ஓய்ந்த நேரத்தில் மந்தாரை இலையை ஈர்க்கால் கோத்து, சாப்பிடுகிற தையல் இலை தைப்பார். கட்டுக் கட்டாகக் கீழே விற்பனைக்குப் போகும். அந்த இலையைத் தட்டில் விரித்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன். ஊசிபோல் ஒரு பார்வை பார்த்தார்.

“சோறு துன்ற எலைம்மா அது. அதுல போயி பூனைய ஒக்கார வைப்பியா?”

அதோடு அந்தப் பேச்சை விட்டேன். கடைசியில் கைகொடுத்தது சாமை மூட்டை கட்டுகிற பழைய சாக்கு. தட்டு அளவுக்கு வெட்டி விரித்தேன். நகத்துக்குக் கிழியவில்லை. உதறி அலசிக் காயப்போட்டால் மறுபடி புதுசு. பூனைக்கும் அந்தச் சொரசொரப்பு பிடித்துப்போனது. வீடு மணத்தது, மாமியார் வாயைத் திறக்கவில்லை. என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அறுவடை வந்தது. புதுச் சாமையைச் சாமிக்குப் பொங்கல் வைக்காமல் நாங்கள் வாயில் வைப்பதில்லை. முதலில் அடித்ததைத் தனிச் சாக்கில் கட்டி, வீட்டுக்குள் சுவரோரம் படுக்கப் போட்டிருந்தார் மாமியார். மறுநாள் காலையில் பார்க்கிறோம், அந்தச் சாக்கின் மேல் ஏறி, வெகு அடக்கமாக வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது பூனை. அலசிய விரிப்பு கொடியில் காய்கிறது, தட்டு பக்கத்தில் காலியாக இருக்கிறது.

“நாளைக்கு பஸ்ஸுல ஏத்து. மீன்காரம்மா வூட்டாண்ட வுட்டுட்டு வா,” என்றார் மாமியார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சாக்குலதான் போவணும்னு பழக்குனது நாமதானுங்க அத்தே. அது சொன்னத கேட்டுச்சு. அதுக்கு சாமி சாக்கு எதுன்னு இன்னா தெரியும்?” என்றேன்.

அவர் நனைந்த சாமையைக் கோழிகளுக்கு இறைத்துவிட்டு, சாமிக்கு வேறு சாமை எடுத்து, உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிட்டார். பிறகு வாசலில் உட்கார்ந்து இலை தைத்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

காலையில் பூனையைக் கூடைக்குள் வைத்து, மேலே பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். உள்ளிருந்து அது கத்தவும் இல்லை. அதே பஸ்ஸில் இலைக்கட்டும் போக வேண்டும். எடுத்துக் கட்டு என்றார் மாமியார். அடுக்கினேன். எல்லாம் எப்போதும்போல் வட்டம். அடியில் கொஞ்சம் மட்டும், ஓட்டையும் பூச்சி அரித்ததுமாக, அடுப்பில் போடுகிற இலைகளால் தைத்தவை. இரண்டு மடிப்பு கனம். நாலு மூலையோடு நீளமாக இருந்தன.

“இது இன்னாங்க அத்தே? இந்த மாதிரி எலைய யாரு வாங்குவாங்க?”

அவர் ஈர்க்கை ஒடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“வட்டமா தச்சா ஒன் தட்டுல மூலை மூடாதேம்மா.”

இலைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு, கூடையின் முடிச்சை அவிழ்க்கப் போனேன்.