சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாட்டுங்காவில் ஒரு பழைய பில்டிங்கின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எனக்கு அதில் குறையில்லை; நியாயமாகத்தான் வைப்பாள்.

பில்டிங்கின் மாடிப்படி முழுவதும் மரம். ஓரங்கள் தேய்ந்து, நடுவில் குழிந்து, மழைக்காலத்தில் ஊறி உப்பிக்கிடக்கும். ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் குடையை மாற்றிப் பிடிக்கக் கைப்பிடியில் லேசாகச் சாய்ந்திருக்கிறாள். கைப்பிடிச் சட்டம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது, ஒரு கால் மடங்கி, கையில் உடைந்த சட்டத்தைப் பிடித்தபடியே கீழே கிடந்தாள்.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் கட்டைப் பிரித்து, "இனிமே நீங்க ஓடலாம்" என்றார். அக்கா வீட்டுக்குள் நன்றாகவே நடந்தாள். சமைத்தாள், துணி உலர்த்தினாள். ஆனால் படி இறங்கவில்லை. கேட்டால், "முழங்கால் இன்னும் சரியாகலை" என்பாள். ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் மேல்படி ஓரத்தில் நின்றதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. முழங்கால் அல்ல என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

கோடை லீவு விட்டபோது தலைமை ஆசிரியை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கறச்சே வந்துடுங்கோ. அதுக்கு மேலே உங்க இடத்தை என்னால வெச்சுண்டிருக்க முடியாது." அக்கா தலையாட்டினாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

நான் என் கணவரிடம் படியைச் சரிபண்ணிவிடலாம் என்றேன்.

"அது வீட்டுக்காரன் வேலை. நாம ஏன் பண்ணணும்?"

"அவர் பண்ணமாட்டார்னு உங்களுக்கே தெரியும். அக்காவுக்காக இல்லேன்னாலும் எனக்காகப் பண்ணுங்கோ. இன்னும் நாலு மாசத்துலே நான் ஒரு குழந்தையைத் தூக்கிண்டு இதே படியிலே ஏறி இறங்கணும்."

அன்று சாயங்காலமே அவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். குடித்தனக்காரர்கள் எல்லோரும் பங்கு போட ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்காரர் தன்னிடம் பணம் கேட்காதவரை சரி என்றுவிட்டார்.

தச்சரைத் தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் கட்டிலைச் செய்தவர் தாராவியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், தென்காசிப் பக்கத்துக்காரர். ரயில் பாலத்தைத் தாண்டித் தனியாக நான் தாராவிக்குப் போனது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு பீரோவுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், பெரிய குரல். மாடிப்படியைச் சரிபண்ண வேண்டும் என்றேன்.

"ஜீனா வேலையா? கட்டில், பீரோன்னா கண்ண மூடிக்கிட்டுச் செஞ்சிருவேன். மாடிப்படி வேற மாதிரில்லா? வேற மிஸ்திரிய பாருங்கம்மா."

"பாய், ஒருதரம் வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்கோ" என்று அக்கா விழுந்த கதையைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னையிலேருந்து எறங்கவே இல்லையா?"

"இல்லை."

"சரி. நாளைக்கு வாரேன்."

சொன்னபடி வந்தார். ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்டிப்பார்த்தார். பாதி மரம் நல்ல தேக்கு, இழைத்தால் போதும். உளுத்ததை மட்டும் மாற்றலாம் என்றார். மறுநாளே வேலை தொடங்கியது. எல்லோரும் ஏறி இறங்க வேண்டுமே என்று, முதலில் வலது பாதி, பிறகு இடது பாதி என்று படிகளை இழைத்தார். பில்டிங் முழுவதும் மரச்சீவல் பறந்தது. ஆபீஸ் போகிறவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கினார்கள்.

முதல் இரண்டு நாள் அக்கா சத்தம் தாங்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உடைந்த கைப்பிடிக்குப் பதில் பாய் புதுச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"சுவர்ப் பக்கமும் ஒண்ணு போடணும்" என்றாள் அக்கா திடீரென்று.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "செவுத்துப் பக்கமா? அங்க எதுக்கும்மா? இந்தப் பம்பாயில எந்த பில்டிங்குல ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு?"

"எந்த பில்டிங்கிலேயும் வேண்டாம். இங்கே போடுங்கோ. அந்தப் பக்கம் பள்ளம். அந்தக் கைப்பிடி விட்டா பிடிக்க எனக்கு வேற ஒண்ணும் இல்லே. விழுந்தவ நான்."

அவர் சுவரைக் கையால் அளந்தார். பிறகு சிரித்தார். "நீங்க சொல்லுததும் சரிதான். போட்டுருவோம்."

பழைய கைப்பிடியில் கெடாத துண்டுகளை இழைத்துச் சேர்த்துச் சுவருக்கான சட்டத்தைச் செய்தார். அது மாட்டிய அன்று அக்கா கதவருகே எழுந்து நின்றாள். "பாருங்கம்மா, யானையே தொங்கலாம்" என்று பாய் கையை ஊன்றிச் சாய்ந்தார். பொலபொலவென்று காரை உதிர்ந்தது. சட்டம் ஆணிகளோடு சுவரை விட்டு வந்துவிட்டது. பாய் சமாளித்து நின்றுகொண்டார். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வாசற்கதவு மூடியிருந்தது.

உள்ளே போனேன். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "என்னை விட்டுடு. ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. வெளியே பாய் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவருடைய குரல்தான் முதலில் மாடி ஏறிவந்தது. காரையை முழுக்கக் கொத்தி, செங்கல்லுக்குள் துளைபோட்டு, மரக்கட்டை அடித்து, விரல் தடிமன் போல்ட்டுகளை முடுக்கினார். மத்தியானம் வரை அதே வேலை. பிறகு எங்கள் கதவைத் தட்டினார்.

"டீச்சரம்மா, ஒரு நிமிஷம். எறங்கச் சொல்லல. வந்து பாருங்க, அவ்வளவுதான்."

அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். பாய் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றி, கால்களை மடக்கி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டார். அசையவில்லை. அப்போது எதிர் வீட்டு மாமா வெளியே வந்தார். பாங்க்கில் வேலை, பில்டிங்கிலேயே கனமான உடம்பு.

"சார், நீங்களும் வாங்க!"

"நானா?"

"நீங்கதான் சார் வேணும்! என் ஒடம்பு எம்மாத்திரம்?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினார்கள். மாமி வாசலில் நின்று, "ஐயோ, என்னன்னா இது கூத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே, யாரும் சொல்லாமல், சுவர்ப் பக்கம் கையை வைத்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொன்று. நான் அவளுக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே போனேன்.

"நீ பாத்து இறங்குடி, வயத்துலே குழந்தை இருக்கு" என்று என்னை அதட்டினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. "இன்னிக்கு இது போறும்" என்று திரும்பி ஏறினாள். மறுநாள், முதலாம் மாடி வரை. அதற்கு மறுநாள் தெரு வரை போய், மூலைக் கடையில் தன் கையால் பூ வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக அரக்குப் பாலிஷ் போடும்போது மழைக்காற்று தொடங்கிவிட்டது. பாலிஷ் காயவே இல்லை. கைப்பிடியைத் தொட்டவர்கள் விரலெல்லாம் பிசுபிசுத்தது. பாயை எல்லோரும் திட்டினார்கள். "மேகத்த நானா வரச் சொன்னேன்?" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார். ஒருவாறாகக் காய்ந்து முடிந்தபோது தேக்கு தேன் நிறத்தில் மின்னியது. அடுத்த பில்டிங்க்காரர்கள் வந்து பார்த்து, தங்களுக்கும் சுவர்ப் பக்கம் கைப்பிடி வேண்டும் என்றார்கள். பாய் அந்த யோசனையைத் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கேட்டும் மறுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கொட்டும் மழை. என் கணவர் துணைக்கு வருகிறேன் என்றார். "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று அக்கா தனியாகவே கிளம்பினாள். நான் மேலே நின்று அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஓரிடத்தில் நின்றது, பிறகு தொடர்ந்தது.

சாயங்காலம் முந்தானை நனைந்து, மூச்சிரைக்க ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் கிளாஸ்லே ஒண்ணுக்கும் வகுத்தல் வரலை. எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றாள், மிகுந்த சந்தோஷத்தோடு.