மல்லியை அனுப்பிய வீடு

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு குரங்குக் குட்டி வளர்ந்தது. மாத்தளை லொறிக்காரர் ஒருவர், தாய் செத்துப்போன குட்டி என்று சொல்லி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் குரங்கு வளர்ப்பது சட்டப்படி குற்றம். அப்பா அதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்தார். லொறிக்காரர் அதை மல்லி என்று கூப்பிட்டார், சிங்களத்தில் தம்பி. கூடப்பிறந்தவர் இல்லாத எனக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்பில் குறைந்துபோகும், கவனம் என்று டொக்டர் சொன்னார். எல்லாருடைய கண்ணும் மல்லியின் மேல் விழுந்தது.

அம்மாவின் தம்பியான மாமா மிருக நோய் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தார். நோயில்லாத குரங்குகளின் வாயிலும் குடலிலும் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன என்று பார்ப்பது அவருடைய வேலை. சுகமான குரங்கை அறிந்தால்தான் சுகமில்லாததை அறியலாமாம். நான் அழுத அழுகையில், பஞ்சு சுற்றிய குச்சியோடு வந்து மல்லியின் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். சில நாட்களில் முடிவும் வந்தது.

“கிருமி நிறைய இருக்கு. ஆனா எல்லாம் சுகமான குரங்கிலை இருக்கிறதுதான். அவனுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை.”

நான் துள்ளிக் குதித்தேன். மாமா அப்பாவிடம் திரும்பி, “அவனுக்கு ஒண்டும் செய்யாதது அக்காவுக்குச் செய்யும்” என்றார்.

கொட்டாஞ்சேனையில் அப்பாவின் கூட்டாளி ஒருவருடைய கடையின் பின்பக்க வளவுக்கு மல்லி போனது. “எனக்குச் சுகம் வந்த உடனை அவனைக் கூட்டிக்கொண்டு வருவம் பிள்ளை” என்று அம்மா சொன்னார். அவரோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.

குரங்கை அனுப்பிய வீட்டில் மனிதரைத் தடுக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துச் சொந்தத்தில் வருத்தக்காரரைப் பார்க்க வராமல் விட்டால் அது காலத்துக்கும் குறை. தெஹிவளையிலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் தோடம்பழப் பையோடு வந்தார்கள், தும்மிக்கொண்டும் வந்தார்கள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய கையைப் பிடித்து அழுதார்கள். டொக்டர் சொன்னதை அவர்களிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு எல்லார் மேலும் கோபம் கோபமாக வந்தது.

ஒரு பின்னேரம் அம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து இரத்தத்தைச் சோதித்தார்கள். மறுநாள் மாமா டொக்டரோடு கதைத்துவிட்டு விறாந்தைக்கு வந்தார். இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம், மருந்துக்கும் கட்டுப்படவில்லையாம்.

“ஆர் கொண்டு வந்தது?” என்று அப்பா கேட்டார். “குரங்கோ, வந்த சனமோ?”

“ஒருத்தரும் கொண்டு வரேல்லை அத்தான். அக்காவின்ரை குடலுக்குள்ளை எப்பவும் இருந்த கிருமிதான். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அதைத் தடுக்க அவவின்ரை உடம்பிலை இப்ப ஒண்டும் இல்லை.”

அப்பா சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்துவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது: மல்லி ஒரு பிழையும் செய்யவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு மனம் லேசானது.

“அப்ப அவனைக் கூட்டிக்கொண்டு வரலாமோ அப்பா?”

அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

“ஓம் பிள்ளை. இனிக் கூட்டிக்கொண்டு வரலாம்.”

சுகம் வந்தவுடன் என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். ஆகவே அவருக்குச் சுகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த விறாந்தையில் அன்று சிரித்த முகத்தோடு இருந்தது நான் ஒருத்திதான்.